யூஎக்ஸ் ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப்: சேரும் முன்பிருந்து கிளம்பும் நாள் வரை

சென்னையில் ஒரு யூஎக்ஸ் ஏஜென்சியில் (ஆப், இணையதளம் எல்லாம் மக்களுக்குச் சுலபமாக இருக்கும்படி வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம்) இன்டர்னாக இருந்தேன். இப்போது வருஷா வருஷம் மே, ஜூனில் வந்து சேரும் மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை சொல்லிக்கொடுக்கிறேன். இதை 8 வாரக் கணக்கில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு 6 மாதம் என்றால் படிகள் இதேதான், ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

பெரும்பாலான மாணவர்கள் முதல் நாளே திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறந்துவிடுகிறார்கள், மூன்றாம் வாரம் அதையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வருகிறார்கள். நீங்கள் போன பிறகும் அந்த வேலை ஓடும். நீங்கள் விட்டுப்போன குறிப்பையும் ஃபைலையும் எடுத்து, உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் இன்னொருவர் தொடர முடிகிறதா என்பதை வைத்துத்தான் நாங்கள் ஒரு இன்டர்னை எடைபோடுகிறோம்.

உதாரணத்துக்கு ஒரே வேலையைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: ஒரு கிளினிக், நோயாளிகள் மொபைலிலேயே டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்ய ஆப் கேட்கிறது. கிளினிக் கற்பனை, சிக்கல்கள் எல்லாம் பார்த்தவைதான்.

1. விண்ணப்பிக்கும் முன்

போர்ட்ஃபோலியோவில் (நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு) இரண்டு வேலை போதும். ஸ்விக்கியையோ ஸ்பாட்டிஃபையையோ மறுபடி வரைந்து வைக்காதீர்கள். அங்கே ஏன் அப்படி வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, அதனால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்விக்கே பதில் நின்றுவிடும். ஹாஸ்டல் மெஸ் டோக்கன், கல்லூரி நூலகத்தில் புத்தகத்தைப் புதுப்பிப்பது, பஸ் பாஸ் வாங்குவது என்று நீங்களே நின்ற வரிசை ஒன்றை எடுங்கள். நான்கு பேரிடம் பேசி, தாளில் வரைந்து, இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவதாக ஒன்று வந்தது என்றால் அந்த இரண்டு தப்பையும் சேர்த்தே வையுங்கள். நாங்கள் தேடுவது அதைத்தான்.

கல்லூரியிலிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அல்லது போனஃபைட் (அங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று) கடிதத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். துறைத்தலைவர் லீவில் இருந்தால் ஒரு வாரம் போய்விடும். மாணவர்களுக்கு ஃபிக்மாவின் கல்விக் கணக்கு இலவசம், அதைச் சரிபார்த்து வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை யாரிடமாவது கேட்டு வாங்கி வாருங்கள். கிளினிக்குக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது அதுதான்.

சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டியவை: ஆபீஸா வீட்டிலிருந்தா, ஸ்டைபண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், என் வேலையைத் தினமும் யார் பார்ப்பார். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வரவில்லை என்றால், ‘எல்லாரும் பார்ப்போம்’ என்று வந்தால், யாரும் பார்க்க மாட்டார்கள். சரி, இன்னொன்று. பயிற்சிக் கட்டணம், டெபாசிட், ஒரிஜினல் சான்றிதழ் என்று எதைக் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

2. முதல் நாள்: கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

என்.டி.ஏ. எனும் ரகசிய ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். பக்கம் பக்கமாக இருக்கும், முழுக்கப் படியுங்கள், அவசரப்படுத்தினாலும் படியுங்கள். நீங்கள் செய்யும் வேலை கிளையன்டுக்கோ ஏஜென்சிக்கோ சொந்தம் என்று அதில் இருக்கும், அது வழக்கம்தான்.

கேட்க வேண்டிய கேள்வி: “இதில் எதை, எப்போது என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்?” பதிலை மெயிலில் வாங்குங்கள். கடைசி நாளில் கேட்டால், ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் வேறு வேலைக்கே போயிருப்பார். கிளையன்ட் பெயரை மறைத்து, நிறத்தை மாற்றி, வேலை நடந்த விதத்தை மட்டும் காட்டச் சம்மதிப்பவர்கள் உண்டு. ஒன்றையும் காட்டக்கூடாது என்பவர்களும் உண்டு. எதுவானாலும் முதல் நாளே தெரிந்தால் அதற்கேற்ப நீங்கள் தனியாகக் குறிப்பு வைத்துக்கொள்ளலாம்.

3. முதல் வாரம்: வரையாதீர்கள்

இந்த வாரம் இரண்டே வேலை.

முதலாவது, சொற்பட்டியல். கிளையன்ட் அனுப்பிய தாள்கள், பழைய மீட்டிங் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்து, அவர்கள் தொழிலில் புழங்கும் சொற்களை ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசையைக் காலியாக விடுங்கள், மக்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்பதை அப்புறம் நிரப்ப. நம் கிளினிக் ‘ஸ்லாட்’ என்று எழுதியிருக்கும். வாசலில் நிற்பவர் ‘டோக்கன்’ என்பார். இரண்டும் ஒரே பொருளும் இல்லை: ஸ்லாட் என்றால் 6.20க்கு வா என்று அர்த்தம், டோக்கன் என்றால் எனக்கு முன்னால் இத்தனை பேர் என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசம் முழு ஆப்பையும் மாற்றிவிடும். சொற்பட்டியல் இல்லாமல் நேராகத் திரை வரைந்தவர் அழகான நாட்காட்டி ஒன்றை வரைந்திருப்பார்.

இரண்டாவது, இப்போது அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படம்பிடிப்பது. ஆப் இருந்தால் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எண் போடுங்கள். ஆப் இல்லையென்றால் நேரில் போய், காலை 7 மணிக்கு நோட்டில் பேர் எழுத வருகிறவர்களைப் பாருங்கள். அங்கே செருப்பை விட்டு இடம் பிடித்திருப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் யார் என்ன செய்கிறார் என்பதையும் இந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வு செய்பவர், திரை வடிவமைப்பவர், புராஜெக்ட் மேனேஜர் ஆகியோர் சின்ன ஏஜென்சியில் ஒரே ஆளாகவும் இருக்கலாம். கிளையன்டிடம் நேரடியாகப் பேசலாமா, யார் வழியாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். (‘சார்’ வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடு என்பார்கள். ஒரு வாரம் கூச்சமாக இருக்கும்.)

4. பேசுவதற்கு ஆள் தேடுவது

இந்த வேலை பெரும்பாலும் இன்டர்ன் தலையில் விழும். நண்பர்களையும் ஹாஸ்டல் அறைத்தோழர்களையும் கூட்டிவருவதுதான் இங்கே வழக்கமான தப்பு. இருபது வயதில் எல்லா ஆப்பும் சுலபம்தான்.

யார் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்: கடந்த 3 மாதத்தில் கிளினிக்குக்குப் போனவர், அதில் தனக்காகப் போனவர் சிலர், அம்மா அப்பாவைக் கூட்டிப்போனவர் சிலர். கூப்பிடும்போது எதற்காகத் தேடுகிறீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள், பணம் தருகிறார்கள் என்றால் எதற்கும் ஆமாம் போடுவார்கள். “கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள், கூட யார் வந்தார்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் தானாகப் பிரியும். ஐந்து பேர் வேண்டுமென்றால் ஏழு பேரிடம் நேரம் வாங்குங்கள், மழை பெய்தாலே இரண்டு பேர் வர மாட்டார்கள்.

எவ்வளவு நேரம், என்ன கொடுப்போம், பதிவு செய்வோமா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

5. பேட்டியில் உங்கள் இடம்: எழுதுகிறவர்

ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார். எழுதுகிறவர் நீங்கள்தான், இதை மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். பின்னால் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் சாட்சி அந்தக் குறிப்புதான்.

தாளை மூன்றாகப் பிரியுங்கள்: நேரம், அவர் சொன்னது அல்லது செய்தது, எனக்குத் தோன்றியது. மூன்றாவதைத் தனியே வைக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து எது அவர் சொன்னது, எது நீங்கள் நினைத்தது என்று உங்களுக்கே தெரியாது.

பேச்சு தமிழில் நடக்கும், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போகும். அதனால் கேட்கும்போதே மனசுக்குள் மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். செய்யாதீர்கள். “எத்தனாவது டோக்கன் போகுதுன்னே தெரியல, அதான் பையனை அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்வேன்” என்று ஒரு அம்மா சொல்கிறார் என்று வையுங்கள். ‘காத்திருப்பு நேரம் தெளிவாக இல்லை’ என்று எழுதிவிட்டால் அந்தப் பையன் காணாமல் போய்விடுகிறான். நமக்கு வேண்டியவனே அவன்தான். அவர் வீட்டில்தான் இருக்கிறார், கிளினிக் நடக்கும் தூரம், அவருக்குத் தேவை நேரம் இல்லை, இப்போது ஓடும் டோக்கன் எண். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே, பேச்சு வழக்கிலேயே எழுதிவிட்டு, மொழிபெயர்ப்பை அப்புறம் பக்கத்தில் சேருங்கள்.

கேள்வி கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், “இப்படி ஒரு ஆப் வந்தா பயன்படுத்துவீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரில் இருப்பது படிக்கிற பிள்ளை, அவர் மனசு நோகக் கூடாது என்று “கண்டிப்பா தம்பி” என்பார்கள். “போன தடவை டாக்டர்கிட்ட போனப்ப என்ன நடந்ததுங்க, வீட்டுல இருந்து கிளம்புனதுல இருந்து சொல்லுங்க” என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வருவதில்லை. பதில் நின்றதும் மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே பதிலை எடுத்துக்கொடுத்துவிட்டால் அந்தப் பேட்டி உங்களுடையது, அவருடையது இல்லை.

பதிவுக் கருவியை நம்பாதீர்கள். நான் இன்டர்னாக இருந்தபோது, பதிவு ஓடுகிறதே என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் காற்றுச் சத்தம், நடுவில் ஒரு இருமல். பேட்டி கொடுத்த அம்மாவை மறுபடி கூப்பிட்டு, மறுபடி பணம் கொடுத்து, அவர் முதல் தடவை சொன்ன நல்ல விஷயம் எதையும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. முதல் ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அவருடைய போன் திரையைப் பதிவதாக இருந்தால் அறிவிப்புகளை நிறுத்தச் சொல்லுங்கள், ஓ.டி.பி.யும் வங்கி இருப்பும் நடுவில் எட்டிப் பார்க்கும்.

6. கண்டதைத் தொகுப்பது

ஒரு சீட்டில் ஒரு விஷயம். மூலையில் யார் சொன்னது என்று குறியீடு, பெயர் வேண்டாம். எல்லாச் சீட்டையும் சுவரில் ஒட்டிய பிறகு, ஒத்துப்போவதைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, கடைசியில் தலைப்பு வையுங்கள்.

முதலிலேயே ‘பதிவு’, ‘பணம்’, ‘அறிவிப்பு’ என்று தலைப்பை எழுதிவிட்டுச் சீட்டை அதற்குள் போடுவது எல்லா வருஷமும் நடக்கும் தப்பு. ஏற்கெனவே தெரிந்த பெட்டிக்குள் போட்டால் தெரியாதது எதுவும் வெளியே வராது. தானாகச் சேர விட்டால் ‘ஒரு போன், வீட்டில் நாலு நோயாளி’ என்று ஒரு குவியல் வரும். அதற்கு எந்தப் பெட்டியும் நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள்.

பேட்டிப் பதிவை ஏதாவது ஏஐ கருவியில் ஏற்றிச் சுருக்கம் கேட்கும் ஆசை வரும். ஏஜென்சி அனுமதித்த கருவியா என்று முதலில் கேளுங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். அனுமதி இருந்தாலும் சுருக்கத்தில் அந்தப் பையன் இருக்கிறானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டான்.

7. தாளில் வரைவது

இன்னும் ஃபிக்மா வேண்டாம். ஒரு ஏ4 தாளில் பெட்டியும் அம்புக்குறியும் போதும். தாளில் இருப்பதைக் கசக்கிப் போட யாரும் தயங்குவதில்லை. நேர்த்தியாக வரைந்த திரையை விட்டுக்கொடுக்க உங்களுக்கே மனசு வராது, அதுதான் காரணம்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் வழியைப் பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். மீதி நேரம் முழுக்கக் கெட்ட வழிகளுக்கு. ஓ.டி.பி. வரவில்லை. டாக்டர் திடீர் லீவு. டோக்கன் போட்டவர் வருவதற்குள் எண் தாண்டிவிட்டது. பணம் போய்விட்டது, டோக்கன் வரவில்லை. மகன் பெங்களூரில் இருந்து போடுகிறான், அம்மா மதுரையில் கிளினிக் போகிறார், செய்தி மகனுக்கு மட்டும் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அம்பு எங்கே போகிறது என்று போடுங்கள். டெவலப்பர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

8. இப்போது ஃபிக்மா

ஏஜென்சியின் டீமுக்குள்ளேயே ஃபைலைத் திறங்கள், உங்கள் கல்விக் கணக்கில் வேண்டாம். அது படிப்புக்கு. ஏஜென்சியின் லைப்ரரியில் (எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பு) இருக்கும் பட்டனை, பெட்டியை எடுத்தே பயன்படுத்துங்கள். பிரித்தெடுத்து உங்கள் இஷ்டத்துக்கு மாற்றினால் நாளை மூலத்தில் நிறம் மாறும்போது உங்கள் திரை மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். ஆட்டோ லேஅவுட் (உள்ளே இருப்பதற்கேற்பப் பெட்டிகள் தானாக நகரும் வசதி) பழகாமல் வராதீர்கள், அது இல்லாமல் கையால் தள்ளித் தள்ளி வைத்த திரையில் ஒரு வரி கூடினாலே எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

ஃப்ரேம் (ஒரு திரையை வரையும் சட்டம்) அகலம் 360 என்று ஆரம்பியுங்கள், சாதாரண ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது பொருந்தும். தொடும் இடம் கூகுளின் வழிகாட்டலில் 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு), ஆப்பிளில் 44 புள்ளி. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தானால் 3:1. மாணவர்கள் ஆசையாக வைக்கும் இளஞ்சாம்பல் எழுத்து இதில் தேறாது.

தமிழ் வரும் ஆப் என்றால் முதல் நாளிலிருந்தே தமிழை வைத்து வரையுங்கள். ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றலாம் என்று விட்டால், ‘கேன்சல்’ நின்ற பட்டனில் ‘ரத்து செய்யவும்’ நிற்காது. வரி இடைவெளியும் அப்படித்தான்: மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் வெட்டுப்படும். போனில் எழுத்து அளவைப் பெரிதாக்கி ஒரு தடவை பாருங்கள், அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பெயர்ப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரம் போடுவார்கள், பார்த்த டெம்ப்ளேட்டில் அப்படி இருந்ததால். நமக்கு இனிஷியல்தான். ‘எம்’ என்று ஒரெழுத்தைப் போட்டால் ‘குறைந்தது 2 எழுத்து’ என்று சிவப்பில் திட்டும் படிவத்தில் மாட்டாதவர் யார்? ஒரே பெட்டி, ‘பெயர்’, போதும். உள்ளே மாதிரிக்கு ‘ரவி’ என்று மட்டும் போடாமல் ‘சு. மீனாட்சிசுந்தரம்’ என்று நீளமாக ஒன்றையும் போட்டுப் பாருங்கள்.

பக்கங்களுக்கு ‘வேலை நடக்கிறது’, ‘ரிவ்யூவுக்கு’, ‘முடிந்தது’, ‘பழையவை’ என்று பெயர் வையுங்கள். ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘உண்மையான கடைசி’ வேண்டாம். பழையதை அழிக்காதீர்கள், கிளையன்ட் மூன்று வாரம் கழித்து “முதலில் காட்டினீர்களே அது” என்பார்.

9. ரிவ்யூவும் கிளையன்ட் மீட்டிங்கும்

ரிவ்யூவில் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் நிறத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். யாருடைய என்ன சிக்கல், வேலை எந்த நிலையில் இருக்கிறது, இன்று எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று மூன்று வரி சொல்லிவிட்டுத் திரையைக் காட்டுங்கள். “இது சரியா வரலை” என்று யாராவது சொன்னால் வாதாடாமல் “எந்த இடத்தில், யாருக்கு?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிளையன்ட் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுக் குறிப்பெடுங்கள். என்ன முடிவானது, யார் எப்போது செய்ய வேண்டும் என்பதை ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் வழிகாட்டிக்கு அனுப்புங்கள். புரோட்டோடைப் (தொட்டு ஓட்டிப் பார்க்கும் மாதிரி) லிங்க் அனுப்பும் முன், பார்க்க மட்டும் அனுமதியா என்று வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். எடிட் அனுமதியோடு நான் அனுப்பிய லிங்கில் கிளையன்ட் ஒருவர் ‘சும்மா’ நகர்த்திய ஃப்ரேம்களைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போனது.

10. சோதித்துப் பார்ப்பது

வரைந்தவர் சோதனை நடத்தாமல் இருப்பது நல்லது. உங்கள் திரையை இன்னொரு இன்டர்ன் நடத்தட்டும், அவருடையதை நீங்கள் நடத்துங்கள். அப்போது “இதை நான் வரையலைங்க, தாராளமா குறை சொல்லுங்க” என்று பொய் இல்லாமல் சொல்லலாம்.

பட்டனில் ‘டோக்கன் போடு’ என்று இருக்க, “இப்போ ஒரு டோக்கன் போடுங்க” என்று வேலை கொடுத்தால் அவர் அந்தச் சொல்லைத் தேடித் தொடுவார், அதில் ஒன்றும் தெரியாது. “உங்க அம்மாவுக்கு மூட்டு வலி, நாளைக்குச் சாயங்காலம் டாக்டரைப் பாக்கணும்” என்று சொல்லிப் போனைக் கையில் கொடுங்கள். நடுவில் “இதை அழுத்தணுமா?” என்று கேட்டால், “நான் இல்லாம வீட்டுல தனியா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

முதல் ஆளை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியில் இருக்கும் ஓட்டை அப்போதே தெரியும். ஐந்து பேர் போதும் என்று ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது அது: ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கலைக் காட்டிக்கொடுத்தால் ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும் என்ற கணக்கு. அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டோக்கன் போடும் மகன்கள் ஒரு வகை, டோக்கனோடு போய் நிற்கும் அம்மாக்கள் இன்னொரு வகை. இரண்டையும் கலந்து ஐந்து எடுத்தால் இரண்டுமே அரைகுறை.

ரிப்போர்ட்டில் ‘பயனர்கள் குழம்பினார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘5 பேரில் 4 பேர் நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் கவனிக்காமல் தாண்டினார்கள், டோக்கன் மகன் பெயரில் விழுந்தது’ என்று எழுதுங்கள். 80 சதவீதம் என்றும் எழுத வேண்டாம், ஐந்து பேருக்குச் சதவீதம் போட்டால் சிரிப்பார்கள்.

11. கடைசி இரண்டு வாரம்

டெவலப்பரோடு உட்கார்ந்து ஒவ்வொரு திரையையும் ஓட்டிக் காட்டுங்கள். ஏழாம் படியில் வரைந்த கெட்ட வழிகளின் தாள் இங்கே வேலைக்கு வரும். அவர் கேட்ட கேள்வியை எல்லாம் பதிலோடு அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே குறிப்பாக ஒட்டிவிடுங்கள், நீங்கள் போன பிறகு அதே கேள்வியை இன்னொருவர் கேட்பார்.

கல்லூரிக்கு ரிப்போர்ட் எழுதவேண்டும் என்றால் எட்டாம் வாரம் உட்காராதீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால் அதைச் சேர்த்தாலே போதும். ஏஜென்சியிடம் காட்டாமல் கல்லூரியில் கொடுக்க வேண்டாம், கிளையன்ட் பெயரோ ஸ்கிரீன்ஷாட்டோ உள்ளே இருக்கும். சான்றிதழில் சேர்ந்த தேதி, முடிந்த தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கட்டும், ஒரு வாரம் முன்பே வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் கிடைக்கும். போர்ட்ஃபோலியோவுக்கு முதல் நாள் வாங்கிய மெயிலை எடுத்து, காட்டப்போகும் பக்கத்தையே அனுப்பி ஒரு ‘ஓகே’ வாங்குங்கள்.

பேட்டிப் பதிவுகள் உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் இருந்தால் ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிட்டு அழியுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் சேர்த்து. அப்புறம் டிரைவைத் திறந்து, உங்கள் மெயில் ஐடியின் பெயரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் உரிமையையும் மாற்றிக்கொடுங்கள், கணக்கு மாற்ற விடாவிட்டால் நகலெடுத்து ஏஜென்சியின் ஃபோல்டரில் போடுங்கள். போன வருஷம் ஒரு இன்டர்னின் சொற்பட்டியலும் பேட்டிக் குறிப்புகளும் அவருடைய கல்லூரி ஐடியில் இருந்தன. அவர் படிப்பு முடிந்து கல்லூரி அந்த ஐடியை மூடிய மறுநாள்தான் எங்களுக்கே தெரிந்தது.